பாயி பக்கம்

சண்டிகர்,
20 நவம்பர் 1978

நிக்கியின் அப்பாவுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க வாகுருவை வேண்டிக்கொள்கிறேன். இந்த வரி இல்லாமல் கடிதம் தொடங்கினால் உங்கள் அம்மா கோபித்துக்கொள்வார், அதற்காக எழுதினேன். இதற்குக் கீழே இருப்பதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நான் சுகமாக இல்லை.

வேலையில் ஒரு குறையும் கிடையாது. காலையில் பனியில் சைக்கிள் மிதித்துப் போய் நாள் முழுக்கப் பஞ்சாபியில் தட்டச்சு அடிக்கிறேன். எல்லாம் அடுத்தவர்கள் போடும் ஆணைகள். சாயங்காலம் இருபதாம் செக்டரில் ஸ்வர்ண் காந்தா அம்மாவின் மாடி அறைக்குத் திரும்பி, ஒரு ரொட்டி சுட்டு, ஒரு ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த ரொட்டிதான் இறங்குவதில்லை. நிக்கிக்கு இப்போது யார் சடை பின்னுகிறார்கள்?

கோட்கபூராவில் என் பாயி வீட்டில் நடந்த கல்யாணத்தில் அவன் உங்கள் தலைப்பாகையில் கை வைத்தது தப்பு. அண்ணன் என்பதற்காக அதை நான் மூடி மறைக்கவில்லை. அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். என்னை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் சொன்னதற்குத்தான் அவனுக்கு ஆத்திரம். "அடுத்த தடவை என் தங்கச்சி இந்தப் படி ஏறினா, திரும்ப உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்"னு பந்தலில் எல்லோர் முன்னாலும் கத்தினான். நீங்கள் சும்மா இருந்தீர்களா? "நீ உன் பாயி வீட்டுப் படி ஏறுற அன்னைக்கு நம்ம உறவு முடிஞ்சுதுன்னு வச்சுக்க"ன்னு என்னிடம் சொன்னீர்கள். இரண்டு ஆம்பளைகளும் ஒரே படிக்குக் காவல் நிற்கிறீர்கள். சின்ன வயசிலிருந்து பாயி, பாயி என்று அவன் பின்னால் ஓடி வளர்ந்தவள் நான், இந்த வருஷம் ராக்கியைக்கூடத் தபாலில்தான் அனுப்பினேன். அந்தப் படியை நான் மிதிக்கவில்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு முறை வந்து இந்த ஊரைப் பாருங்கள். பிடித்தால் மூன்று பேரும் இங்கே இருப்போம். பிடிக்கவில்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னால், வேலையை விட்டுவிட்டு உங்களோடு ராம்புராவுக்கு வந்துவிடுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் வந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். வந்தால் காட்டுகிறேன்.

மீத்தோ


ராம்புரா,
28 நவம்பர் 1978

மீத்தோவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோதுமை விதைப்பு நேரம். ஊரில் இருக்கிற பம்பு இஞ்சின் எல்லாம் ஒரே நாளில் படுத்துக்கொண்டது போல எல்லோரும் என் பட்டறை வாசலில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் தாமதம். வேறு காரணம் தேடாதே.

உன் ஊரைப் பற்றி, அங்கே போய் வந்தவர்களிடம் விசாரித்தேன். தெருவுக்கெல்லாம் பெயரே கிடையாதாமே. வெறும் நம்பர்தானாமே. ஜெயிலில்தான் ஆளுக்கு நம்பர் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எல்லா வீடும் ஒரே செங்கல், எல்லாச் சாலையும் ஒரே நேர்கோடு, குடித்துவிட்டுப் போனவன் அடுத்தவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வானாம். அங்கே போய் வந்த பிந்தா சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் இருக்கிறதே.

சரி, வருகிறேன். டிசம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு மேல்தான் பஸ் வந்து சேரும். நிக்கியை இந்தப் பனியில் கூட்டி வர முடியாது. அவள் உன்னிடம் சொல்லச் சொன்னது: இருபது வரைக்கும் தப்பில்லாமல் எண்ணுகிறாள். இருபதுக்கு மேல் போனால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். சடையை அம்மா பின்னுகிறாள். இறுக்கிப் பின்னுவதாக நிக்கி என்னிடம் புகார் சொல்கிறாள். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

உன் பாயி பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. அன்றைக்கு அவன் கை என் தலைக்கு வந்தபோது பந்தலில் இருந்தவர்கள் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. நீ அந்தப் பக்கம் போகாதவரை நமக்குள் பேச இடம் இருக்கிறது.

அம்மா கோந்து லட்டு செய்து தருகிறாள். கொண்டு வருகிறேன்.

நச்சத்தர்


சண்டிகர்,
11 டிசம்பர் 1978

ஐயா நச்சத்தர் சிங் அவர்களுக்கு,

நிக்கியின் அப்பா என்று எழுதவும், கீழே மீத்தோ என்று கையெழுத்துப் போடவும் கை வரவில்லை.

நேற்று இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். சர்சோன் கீரையை இரண்டு முறை சூடு பண்ணினேன். ஒவ்வொரு ரிக்‌ஷா மணிக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். பஸ் கெட்டிருக்கும், பனியில் நின்றிருக்கும் என்று நானே உங்களுக்குச் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அறைக்குத் திரும்பினால் ஸ்வர்ண் காந்தா அம்மா சொல்கிறார், நீங்கள் காலையிலேயே வந்தீர்களாம். வாசலில் நின்றீர்களாம். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் சொன்னாராம். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்களாம். லட்டுப் பையை மட்டும் படியிலேயே வைத்துவிட்டு.

நம்ப முடியவில்லை. மூன்று முறை கேட்டேன். உயரமான ஆளா, நீலத் தலைப்பாகையா, இடது கையில் தழும்பா என்று. எல்லாம் நீங்கள்தான்.

ராம்புராவிலிருந்து இத்தனை தூரம் வந்தவருக்கு இன்னும் கொஞ்ச தூரம் வர முடியவில்லையா? நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தும் திரும்பிப் போனீர்கள் என்றால், வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டு வந்தீர்கள் என்றுதான் அர்த்தம். ஊரையாவது பார்த்தீர்களா? என் முகத்தைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று சொல்லும்படிதானே கேட்டேன். அதற்கும் தைரியம் இல்லையா?

நான் அங்கே எதற்குப் போனேன் என்று இனி சொல்லப் போவதில்லை. யாருக்காகப் போனேனோ அவருக்கே வேண்டாம் என்றான பிறகு அதைச் சொல்லி என்ன?

லட்டை ஸ்வர்ண் காந்தா அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன்.

மலகீத் கௌர்


ராம்புரா,
15 டிசம்பர் 1978

மலகீத் கௌருக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது.

இன்னும் கொஞ்ச தூரம் வர முடியவில்லையா என்று கேட்கிறாய். கோட்கபூரா உனக்குக் கொஞ்ச தூரமா? அந்த வாசலில் நான் எந்த முகத்தோடு வந்து நிற்பேன் என்று நினைத்தாய்? ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கீரை சமைத்துவிட்டு, திங்கட்கிழமை வேலையில் வந்து உட்கார்ந்து, நான் வரவில்லை என்று எனக்கே கடிதம். எழுத எப்படி மனசு வந்தது?

பஸ்ஸுக்குக் காத்திருந்தால் மதியம் ஆகிவிடும் என்று விடியும் முன்பே பஞ்சு லாரியில் ஏறி, மூட்டைமேல் உட்கார்ந்து குளிரில் விறைத்து வந்தேன். சீக்கிரம் பார்க்கலாம் என்றுதான். அதற்கு எனக்குக் கிடைத்தது பூட்டின கதவு.

ஊரைப் பார்த்தீர்களா என்று வேறு கேட்கிறாய். பார்த்தேன். பனியில் ஒரே ரவுண்டானாவை எத்தனை தரம் சுற்றினேன் என்று தெரியாது. காலை நடை போன ஒரு பெரியவரிடம் பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டேன். "பதினேழு" என்றார். பதினேழு என்ன என்று கேட்டால், "பதினேழுன்னா பதினேழுதான், வெளியூரா?" என்று சிரித்துவிட்டுப் போனார். உன் ஊர் மனிதனோடு பேசுகிற முறை இதுதான்.

நான் சொன்ன சொல் உனக்கு நினைவிருக்கும். நீ அதை மீறினாய். மறைக்கக்கூட இல்லை, வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டே போயிருக்கிறாய். நேற்று உன் சீர்ப் பெட்டியை, அதிலிருந்த ராஜாயிப் போர்வை, பாத்திரம், எல்லாவற்றோடும் லாரியில் ஏற்றி உன் பாயி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அங்கேயே இருக்கட்டும். நிக்கி என்னோடு இருப்பாள். அதில் பேச்சே கிடையாது.

நச்சத்தர் சிங்


சண்டிகர்,
20 டிசம்பர் 1978

நிக்கியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படியுங்கள். நிக்கிமேல் ஆணை.

நான் கோட்கபூராவுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை, அதற்கு முன்னும் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இந்த ஊர் எல்லையைத் தாண்டவில்லை. உங்கள் கடிதத்தில் கோட்கபூரா என்ற சொல்லைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

நேற்று பாயி இங்கே வந்தான். நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை, அவன்தான் என் வீட்டுக்கு வந்தான். லாரி ஊரெல்லாம் சுற்றிவிட்டு நாலு நாள் கழித்து நீங்கள் அனுப்பிய பெட்டியை அவன் முற்றத்தில் இறக்கியதும் எருமைக்குத் தீனி வைக்கக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டானாம். வீட்டு நம்பரைச் சரியாக வைத்திருந்தான், செக்டரைத் தப்பாகப் பிடித்துவிட்டான். இருபத்தொன்றில் அதே நம்பர் வீட்டில் ஒரு வயதான தம்பதி அவனை உட்கார வைத்து டீயும் பக்கோடாவும் கொடுத்திருக்கிறார்கள். என் தங்கச்சி எங்கே என்று கேட்காமலே பக்கோடாவை முடித்துவிட்டிருக்கிறான். என் கண்ணீருக்கு நடுவே சிரித்தேன்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. நான் எத்தனை சொல்லியும் அவன் கேட்கவில்லை. "பெட்டியத் திருப்பி அனுப்புனவன் உன்னையே திருப்பி அனுப்புனவன்தான். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அவன் நேரா வந்து உன்னக் கூப்பிடணும். வரலேன்னா உன்னக் கூட்டிட்டுப் போய் பஞ்சாயத்துல வச்சு முடிச்சுடுவேன்"னு சொல்லிவிட்டுப் போனான். பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் குழந்தை அப்பாவுக்கு என்றுதான் முடிப்பார்கள். அது உங்களுக்கும் தெரியும். அப்படி முடிந்தால் நிக்கி என்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்?

ஒன்று சொன்னான். பெட்டியின் பூட்டில் மழைத்தண்ணீர் படாமல் துணி சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்ததாம். உறவை முறிக்கிறவர் பூட்டு துருப்பிடிக்குமே என்று கவலைப்படுவாரா? ராத்திரி முழுக்க அதையேதான் யோசித்தேன்.

நான் பாயி வீட்டுக்குப் போனதாக உங்களுக்கு யார் சொன்னது? ஸ்வர்ண் காந்தா அம்மாவைக் கேட்டால், "நீ சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன், எனக்கென்ன பொய் சொல்லத் தலையெழுத்தா?" என்று கோபித்துக்கொள்கிறார். அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுங்கள். உங்களுக்குப் புரிந்தது வேண்டாம், அவர் சொன்னது வேண்டும். நான் தட்டச்சுக்காரி. ஒரு எழுத்து மாறினாலும் ஆணை மாறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

மீத்தோ


ராம்புரா,
24 டிசம்பர் 1978

மீத்தோவுக்கு,

நிக்கிமேல் ஆணை வைத்திருக்கிறாய் என்பதற்காக எழுதுகிறேன். வழக்காடுவதற்கு அல்ல.

வாசல் கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரி முற்றத்தில் உட்கார்ந்து முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். எழுந்துகூட நிற்கவில்லை, சிரித்த முகமாகச் சொன்னாள். அப்படியே எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன்.

"மீத்தோவா? அவ பாயி பக்கம் போயிருக்கா. விடிஞ்சதும் விடியாததுமா ரிக்‌ஷா வச்சுக்கிட்டு, படுக்கை, அடுப்பு, சட்டி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டா. இனிமே அங்கதான் இருப்பா போல, குஷியாப் போனா."

நான் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிலில் படுக்கை இல்லை. மூலையில் அடுப்பு வைத்திருந்த கரி அடையாளம் மட்டும் இருந்தது. இதற்குமேல் எனக்கு என்ன சொல்ல வேண்டும்? படுக்கையோடு போனவள் ராக்கி கட்டவா போவாள்?

நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து ஏதோ நம்பரைச் சொல்லிக் கத்தினாள். கோட்கபூரா பஸ் நம்பரோ என்னவோ. திரும்பிப் பார்க்கவில்லை.

இதுதான் நடந்தது. நீ போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன். எதை நம்ப?

பூட்டில் துணி சுற்றியது அம்மா. நான் இல்லை.

நச்சத்தர்

மேலே கடைசி வரி பொய். எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும், அதனால் விட்டுவிட்டேன்.


சண்டிகர்,
27 டிசம்பர் 1978

நிக்கியின் அப்பாவுக்கு,

தபாலை நம்ப நேரமில்லை. பதிண்டா பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, ராம்புராவில் இஞ்சின் பட்டறை நச்சத்தர் கையிலேயே சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். வீட்டுக்காரி சொன்ன வரிக்கு வந்ததும் தட்டச்சு மிஷின்மேல் தலை வைத்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

நிக்கியைக் கூப்பிடுங்கள். இருபதுக்கு மேல் எண்ணச் சொல்லுங்கள். அவளுக்கு வரவில்லை என்றால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள். இருபத்தொன்று இக்கி. இருபத்திரண்டு?

பாயி.

இந்த ஊரில் இடத்துக்கு நம்பர்தான் பெயர் என்று நீங்களே எழுதினீர்கள். பஸ் ஸ்டாண்டைக் கேட்டால் பதினேழு என்று சொன்னாராம் அந்தப் பெரியவர். அதைப் போலத்தான் இதுவும். இருபத்திரண்டாம் செக்டரை இங்கே யாரும் செக்டர் என்று நீட்டி முழக்கமாட்டார்கள். பாயிக்குப் போகிறேன், பாயியில் காய் மலிவு, பாயி பக்கம் வீடு என்றுதான் பேச்சு. ஸ்வர்ண் காந்தா அம்மா ராவல்பிண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் அண்ணனை வீர்ஜி என்பார். நம் பக்கத்தில் பாயி என்றால் அண்ணன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் பின்னாலிருந்து கத்தியது பஸ் நம்பர் இல்லை. வீட்டு நம்பர்.

நம் வீட்டு நம்பர். நான் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று சொன்னது அதுதான். எனக்கு அரசாங்கக் குடியிருப்பு கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யா மரம், அதற்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடம். மணி அடித்தால் நம் சமையலறையில் கேட்கும். பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார், டீசல் இஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம்கூடப் பேசி வைத்திருந்தேன். நீங்கள் மதியம் வருவதற்குள் பெருக்கி, அடுப்பு மூட்டி, படுக்கை விரித்து, வாசலில் நின்று உங்களை உள்ளே கூப்பிட வேண்டும் என்றுதான் விடிவதற்குள் போனேன். குஷியாகத்தான் போனேன். அதில் வீட்டுக்காரி ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் ஒரு சொல்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க உங்களை விட மாட்டேன். எந்த பாயி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடன்காரனிடம் கேட்கிற மாதிரியாவது, எங்கே போனாள், எப்போது வருவாள் என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. நான் அப்படிச் செய்பவள்தான் என்று உங்கள் மனசில் முன்னாலேயே ஒரு இடம் தயாராக இருந்தது. அந்தச் சொல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் எனக்கு வலிக்கிறது. பெட்டி போனதுகூட இத்தனை வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டுக்குக் குடி போகிறேன், நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இனி அதைத் தள்ளிப் போட முடியாது, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் கதவைத் திறந்து நான் உள்ளே போவேன். பாயியும் அன்றைக்குத்தான் வருவான். அவனோடு நான் போக மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், ஆனால் பெட்டி அவன் முற்றத்தில் இருக்கிறவரை பஞ்சாயத்தை அவன் விடமாட்டான். உங்களை மன்னித்து விட்டுவிடும்படி அவனிடம் நான் கெஞ்ச மாட்டேன். பெட்டியை அனுப்பினது நீங்கள்.

மீத்தோ


கோட்கபூரா,
30 டிசம்பர் 1978

மீத்தோவுக்கு,

இதைச் சண்டிகர் பஸ் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். அவன் உன் வீட்டுக்காரியிடம் சேர்ப்பான். அவள் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்டுக்கொள், என்னைப் போலப் பாதியில் திரும்பிவிடாதே.

நேற்று பட்டறையில் கை முழுக்கக் கிரீஸோடு நிற்கும்போது உன் கடிதம் வந்தது. நிக்கியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். இருபதில் நின்றாள். "இக்கி" என்று எடுத்துக் கொடுத்தேன். யோசித்தாள். "அப்புறம் பாயி" என்று நானே சொன்னேன். "மாமாவா?" என்று கேட்டாள். கிரீஸ் கையைத் துடைக்காமலே அவளைத் தூக்கிக்கொண்டேன். ஐந்து வயசுக் குழந்தை கேட்ட கேள்வி எனக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. எனக்கு உன் ஊரைக் கண்டு பயம். ராம்புராவில் நான் நடந்தால் யாருடைய இஞ்சின், யாருடைய கிணறு என்று எனக்குத் தெரியும், என்னையும் எல்லோருக்கும் தெரியும். அங்கே நான் பேச வாயெடுத்தாலே வெளியூரா என்று கேட்கிறார்கள். நீ அங்கே சைக்கிளில் போகிறவள், நான் உன் பின்னால் வழி கேட்டுக்கொண்டு நடக்கிறவன் ஆகிவிடுவேனோ என்று லாரியில் வரும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்னதும் எனக்குக் கோபம் மட்டும் வரவில்லை மீத்தோ. திரும்பிப் போக ஒரு காரணம் கிடைத்ததே என்று ஒரு ஓரத்தில் நிம்மதியும் வந்தது. அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதோடுதான் வருகிறேன்.

இப்போது உன் பாயி வீட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருக்கிறேன். நிக்கி பக்கத்தில் உட்கார்ந்து ரஸ்க் தின்கிறாள். முற்றத்துக் கதவு திறந்திருக்கிறது, பெட்டி இங்கிருந்தே தெரிகிறது. துணி அவிழாமல் இருக்கிறது. உன் பாயி இரண்டு முறை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை கோடரியோடு வந்து விறகு பிளக்கிறான். அவன் வீட்டில் பிளந்த விறகு ஏற்கெனவே கூரைவரை அடுக்கியிருக்கிறது.

டீக்கடைக்காரனிடம் கண்ணாடி வாங்கித் தலைப்பாகையை அவிழ்த்துப் புதிதாகக் கட்டிக்கொண்டேன். டீயைக் குடித்துவிட்டு அந்தப் படி ஏறப் போகிறேன். நீ ஏறக் கூடாது என்று நான் சொன்ன அதே படி. அவன் மறுபடி என் தலையில் கை வைத்தால் வைக்கட்டும், நான் கை ஓங்கப் போவதில்லை. பெட்டியோடு வெளியே வந்தால் நாளை விடியும்போது நாங்கள் மூன்று பேரும், அதாவது நான், நிக்கி, பெட்டி, உன் கொய்யா மரத்துக்கு அடியில் இருப்போம். அவனும் அதே பஸ்ஸில் வரட்டும், அவனுக்கும் அந்த வீட்டு நம்பர் தெரிய வேண்டும். பெட்டி கிடைக்காவிட்டாலும் நிக்கியோடு வருவேன்.

காலையில் கிளம்பும்போது அம்மா குளிரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாள்.

"பாயி பக்கம் போறேன்மா" என்றேன்.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "எந்த பாயி?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நச்சத்தர்